அட்வென்ச்சர் பைக்கில் கிராஷ் கார்டைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயன் ஒன்று நிற்கிறது. பழைய வண்டியாக வாங்கியது. முந்தைய உரிமையாளர் லேத் பட்டறையில் கனமான குழாயை வளைத்து வெல்டு வைத்து, எஞ்சினின் இரு பக்கமும் காப்பாக நிற்கும் ஒரு கிராஷ் கார்டு போட்டிருந்தார். அதைக் கழற்றிய நாளிலிருந்து டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், கழற்றும்போது எனக்கே எழுந்த சில கேள்விகளும் இங்கே. எல்லோரும் பேச்சு வழக்கில் அதைக் ‘கம்பி’ என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் கழற்ற வேண்டும்?

காரணம் இல்லாமல் கழற்ற வேண்டாம். விழுந்து வளைந்த கம்பி, பற்றவைப்பில் விரிசல் விட்ட கம்பி, துருப்பிடித்துப் பிடிமானம் போன கம்பி ஆகியவை கழற்ற வேண்டியவை. ரேடியேட்டர் குழாயையோ எஞ்சினின் முன்பக்கத்தையோ தொட வேண்டிய பழுதுவேலைக்கும் பல வண்டிகளில் கம்பி வழிவிட்டாக வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் ‘கிர்ர்’ என்று ஒலி எழுப்பும் கம்பியை மட்டும் உடனே கழற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு போல்ட் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

என் காரணம் எடை. கழற்றிய பிறகு பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 8 கிலோ 400 கிராம். ஏறக்குறைய 200 கிலோ வண்டியில் இது என்ன பெரிய சுமை என்று கேட்கலாம். அந்த எட்டுக் கிலோவும் முன்னால், பக்கவாட்டில் தொங்குகிறது என்பதை வீட்டு வாசலின் சரிவில் வண்டியைத் தள்ளித் திருப்பும்போது இடுப்பு சொல்லும்.

கால் முறியாமல் காப்பதே கம்பிதானே?

ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. கம்பி இருந்த வண்டிகளில் கணுக்கால், பாதக் காயங்கள் குறைந்தன. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்காலில் காயங்கள் கூடி அந்த லாபத்தைத் தின்றுவிட்டன என்பது அதன் முடிவு. பழைய ஆய்வுதான், அன்றைய வண்டிகளும் வேறு. ஆனாலும் காலை நம்பிக் கம்பியிடம் ஒப்படைப்பவர்கள் ஒரு முறை யோசிக்கலாம். முழங்கால் கவசமும் நல்ல பூட்ஸும் அந்த வேலைக்கு உரியவை.

கம்பி நன்றாகச் செய்யும் வேலை வேறு. நின்ற இடத்திலோ ஆட்டோ வேகத்திலோ வண்டி சாயும்போது எஞ்சின் மூடியும் ரேடியேட்டரும் தரையில் படாமல் தாங்குவதுதான் அது. இதற்காக அதைப் பாராட்டவே வேண்டும். கன்னடியன் கால்வாய்க் கரையில் வண்டியைத் திருப்பும்போது, ஒரு கால் ஊன்றிய இடம் சேறாகி, என் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. எஞ்சின் மூடியில் கீறல்கூட இல்லை. அந்த நன்றி எனக்கு உண்டு; அதற்கான விலை என்ன என்பது கம்பியைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

கம்பியைக் கழற்றினால் எஞ்சின் கீழே இறங்கிவிடும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான், ஆகையால் சற்று நிதானமாக.

கம்பிக்கென்று வண்டியில் தனித் துளை இருப்பது அபூர்வம். எஞ்சினை வண்டியின் சட்டத்தோடு (ஃபிரேமோடு) பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டு, அவற்றைவிட நீளமான போல்ட்டைப் போட்டு, அதிலேயே கம்பியையும் மாட்டிவிடுவது வழக்கம். கம்பியைக் கழற்றப் போகும் நீங்கள் உண்மையில் எஞ்சினின் பிடியைத்தான் தளர்த்துகிறீர்கள். என் மெக்கானிக் தம்பி முதல் போல்ட்டில் சாக்கெட்டை வைத்ததும் சொன்னது: “அண்ணாச்சி, இது கம்பியின் போல்ட் இல்லை, வண்டியின் போல்ட். கம்பி இதில் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.”

ஒரு போல்ட்டை எடுத்த உடனே எஞ்சின் பொத்தென்று விழாது. மற்றப் பிடிகள் தாங்கும். ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கும் அல்லது விலகும். பிறகு துளைகள் நேர்கோட்டில் வராது. போல்ட்டை அடித்து இறக்கத் தோன்றும். அடித்தால் மரை (போல்ட்டின் திருகுப் பல்) போகும். அங்கிருந்து தொடங்குகிறது செலவு.

என்ன கருவிகள் வேண்டும்?

சாக்கெட் செட், அறுகோணச் சாவிகள், நீண்ட கைப்பிடி, ஒரு ஜாக்கி, மரப்பலகை, எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு பழைய வேட்டி. ஏன் என்று அடுத்த பதிலில்.

எந்த வரிசையில் கழற்றுவது?

எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். முன் வேலையாக, எல்லாப் பக்கமும் செல்பேசியில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம், எந்த இடத்தில் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) என்பதெல்லாம் அரைமணி நேரத்தில் மறந்துபோகும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியை அது தொடும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். தூக்க வேண்டாம், தாங்கினால் போதும். அடியில் மெல்லிய தகடு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் ஒரு சுற்று தளர்த்துங்கள். எதையும் முழுதாக எடுக்காதீர்கள். விழுந்து எழுந்த வண்டியில் கம்பி வில்லைப் போல இழுபட்டு நிற்கும். கடைசி போல்ட் விடுபட்டதும் குழாய் துள்ளி டாங்கில் அடிக்கும். பழைய வேட்டி கேட்டது அதற்குத்தான்: முதலிலேயே அதை டாங்கில் சுற்றிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக. ஒரு போல்ட்டை எடுத்தால் அந்த இடத்துக்கு உரிய போல்ட்டை உடனே கையால் முறுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். சட்டத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வரை ஓடும் நீளமான போல்ட்டாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு: புது போல்ட்டின் முனையால் பழையதைத் தள்ளுங்கள். பழையது மறுபக்கம் வெளியே வர வர, புதியது அதன் பின்னாலேயே உள்ளே நுழையும். துளை ஒரு நொடிகூடக் காலியாக இருக்காது, எஞ்சின் அசைய வாய்ப்பே கிடைக்காது.

போல்ட் அசையவே மறுக்கிறது. என்ன செய்வது?

முதலில், கம்பியைப் பிடித்து ஆட்டாதீர்கள். அவ்வளவு நீளமான குழாய் ஒரு நெம்புகோல். நீங்கள் ஆட்டுவது சட்டத்தின் காதை, அதாவது போல்ட் நுழையும் துளையுள்ள தகட்டை.

நம் பக்கத்தில் துருவுக்குக் குறைவில்லை. உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் என்று வாராவாரம் கடலோரம் போய்வரும் வண்டிகள் ஒரு ரகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னொரு ரகம். என் வண்டி சிந்துபூந்துறைப் பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் நின்றது என்பதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. இடது கீழ் போல்ட் சொல்லியது. தலையைச் சுற்றித் திட்டாகப் படிந்திருந்த வண்டல் காய்ந்து, ஆற்று மண்ணின் அதே நிறத்தில், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

முந்தைய இரவே துருவை இளக்கும் எண்ணெய்யை விட்டு ஊறவையுங்கள். காலையில் மறுபடி. போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் துருவின் பிடி விடும். அவிழ்க்கும் பக்கமே வலுவாக இழுக்காமல், முதலில் இம்மியளவு முறுக்கி, பிறகு அவிழ்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சூடு காட்ட வேண்டும். பெட்ரோல் டாங்கும் வயர்களும் பக்கத்தில் இருப்பதால் அதை வீட்டுவாசலில் செய்யாதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

என் போல்ட் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. வெளியே வந்ததும் தரையில் உருட்டிப் பார்த்தோம். நேராக உருளாமல் குதித்துக் குதித்து உருண்டது. கன்னடியன் கரையில் நான் விழுந்த அடியை எஞ்சின் மூடிக்குப் பதிலாக இந்த போல்ட் வாங்கியிருந்தது. போல்ட் மலிவு, பரவாயில்லை. ஆனால் அதைப் பிடித்திருந்த சட்டத்தின் காதும் லேசாகச் சாய்ந்திருந்தது. முரட்டுக் கம்பியின் குறை இதுதான்: தான் வளையாமல், அடியைச் சட்டத்துக்குக் கடத்திவிடும். சற்று வளைந்து கொடுக்கும் கம்பியே நல்ல கம்பி. விழுந்த பிறகு கம்பி மட்டும் கோணலாக இருந்தால் அதைத் திட்டாதீர்கள்.

கம்பியோடு வந்த நீள போல்ட்டையே திரும்பப் போட்டால் என்ன?

கம்பியைக் கழற்றுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கம்பியின் தகடு 5 மி.மீ., வாஷர் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த 7 மி.மீ.யைக் கணக்கிட்டுத்தான் நீள போல்ட்டைப் போட்டிருப்பார்கள். கம்பி போன பிறகு அதே போல்ட்டை முறுக்கினால் 7 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். மறுபுறம் திறந்த துளையாக இருந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் முனை எதிலாவது உரசும். மறுபுறம் அடைத்த துளையாக இருந்தால் அது இன்னும் மோசம்: போல்ட்டின் முனை துளையின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். ரெஞ்ச் இறுகிவிட்டதாகச் சொல்லும். தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் எஞ்சினை எதுவும் பிடித்திருக்காது.

வாஷர்களை அடுக்கி நீளத்தைச் சரிக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்குப் போக அது பரவாயில்லை. நிலையான தீர்வு நிறுவனத்தின் அசல் போல்ட்தான். உதிரிபாகக் கடையில் வண்டியின் பாகப் பட்டியலைப் பார்த்துச் சரியான எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

குட்டையாகப் போய்விட்டாலும் தவறு. மரைக்குள் போகும் நீளம், எஃகில் போல்ட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. அலுமினியத்தில் ஒன்றரை மடங்கு வேண்டும். 10 மி.மீ. போல்ட் எஃகுக்குள் 10 மி.மீ., அலுமினியத்துக்குள் 15 மி.மீ.

அசல் போல்ட் கிடைக்கவில்லை. இரும்புக்கடையில் வாங்கலாமா? துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போடலாமா?

வாங்கலாம், கையில் பழைய போல்ட்டோடு போனால். 10 மி.மீ. போல்ட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5 மி.மீ. மரை இடைவெளி கொண்டது. மோட்டார் சைக்கிள்களில் பரவலாக இருப்பது 1.25. இரண்டும் முதல் இரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். ‘துரு போலிருக்கிறது’ என்று நினைத்து நீங்கள் முறுக்குவீர்கள், மரை முழுதும் வழித்துக்கொண்டு வரும். இரண்டு போல்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்து மரையோடு மரை பொருத்திப் பாருங்கள், பல்லோடு பல் அமர வேண்டும்.

போல்ட்டின் தலையில் அதன் வலுவைச் சொல்லும் 8.8 அல்லது 10.9 என்ற எண்ணைப் பாருங்கள். பழையதில் இருந்த எண்ணுக்குக் குறையக் கூடாது. எண்ணே இல்லாத போல்ட் கதவுக் கீலுக்குப் போதும். ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருக்கும், கடலோரத்தில் துருப்பிடிக்காது, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கடைகளில் கிடைக்கும் ஏ2-70 ரகம், நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் இழுவிசை 450 மெகாபாஸ்கல்; சாதாரண 8.8 எஃகு 640 தாங்கும். எண்களை விடுங்கள்: நம்பர் பிளேட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போடுங்கள், எஞ்சினுக்கு வேண்டாம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவு. பொதுவாக 8.8 ரகத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டரும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 40 முதல் 50-ம் வரும். கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. மரையைத் துடைத்துவிட்டு, போல்ட் தானாகத் தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப்பசையை ஒரு சொட்டு விடுங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து சட்டம் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. 100 கிலோமீட்டர் கழித்துக் குனிந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது.

கம்பியில் மாட்டியிருந்த விளக்குகளை என்ன செய்வது?

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு வயரைக் கழற்றுங்கள். விளக்குக்கு மிக அருகில் வெட்டித் தொங்கவிடாதீர்கள். ஃபியூஸ் வரை பின்தொடர்ந்து போய் அங்கேயே பிரித்து எடுப்பதே முறை. என் வண்டியில் வெட்டிய ஒரு முனை இன்சுலேஷன் டேப்போடு ஃபிரேமில் உரசிக்கொண்டு, வெயிலில் பசை இளகிக் கிடந்தது. அதை முந்தையவர் விட்டுச்சென்ற பரிசு என்று வைத்துக்கொண்டேன்.

போலீஸ் பிடிப்பார்களா? கம்பியே சட்டவிரோதம் என்று கேள்விப்பட்டேன்.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனங்களில் அனுமதியின்றிப் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவுதான் அடிப்படை. அதன்பின் பேச்செல்லாம் பெரும்பாலும் கார், ஜீப்புகளின் முன்னால் நிற்கும் இரும்புச் சட்டங்களைப் பற்றியே இருந்தது. பாதசாரிகளுக்கு ஆபத்து, காற்றுப்பை சரியாக விரியாது என்பன காரணங்கள். எப்படி இருந்தாலும், கடையில் வாங்கி மாட்டிய கம்பியைக் கழற்றியதற்காக உங்களை யாரும் பிடிக்கப்போவதில்லை.

கழற்றக் கூடாதவை வேறு இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குகிறது. மூன்றாவது, நாம் சேலைக் கம்பி என்று சொல்வது. கையோடு கையாக அதையும் கழற்றி எடையைக் குறைக்க நினைக்க வேண்டாம்.

இன்சூரன்ஸில் சிக்கல் வருமா?

கம்பியைக் கூடுதல் பொருளாகக் காட்டிப் பிரீமியம் கட்டியிருந்தால் கழற்றியதைத் தெரிவித்துவிடுங்கள். காட்டவில்லை என்றால் சொல்ல ஒன்றுமில்லை.

ஆடிக்காற்றில் கம்பி வண்டியைத் தள்ளுமா?

பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் ஓட்டியவர்கள் கேட்பது. காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டு வைக்கவில்லை. கணவாய் வழியாக வரும் காற்று வண்டியை ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும். ஆனால் அந்தப் பழியைக் குழாயின் மேல் போடுவது நியாயமில்லை. அதில் கட்டித் தொங்கவிட்ட பைகளையும் பெட்ரோல் கேனையும் பாருங்கள்.

கம்பி இல்லாமல் தேரியிலும் மலையடிவாரத்திலும் ஓட்டலாமா?

இரண்டும் ஒன்றல்ல. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் பத்துமுறை விழுந்தாலும் மணல்தான் தாங்கும், எழுப்புவதுதான் கஷ்டம். களக்காடு, மாஞ்சோலை மலைகளின் அடிவாரத்தில் கல். அங்கே கல்லடி அதிகம் வருவது பக்கவாட்டில் அல்ல, அடியில். எஞ்சினுக்கு அடியில் நல்ல தகடு இருந்தால் கம்பிக்கு முன் அதுதான் வேலை செய்யும்.

வண்டியையும் பாருங்கள். பழைய 411 காற்றால் குளிர்வது, அதற்கு ஒரு சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான் உண்டு. 450 ஹிமாலயன், கே.டி.எம். 390 அட்வென்ச்சர் ஆகியவற்றில் தண்ணீர் ரேடியேட்டர். பக்கவாட்டில் ஒரு கல் தட்டினால் ஊருக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த வண்டிகளை வைத்திருப்பவர் கம்பியைக் கழற்றுவதாகச் சொன்னால், “கழற்றி, இன்னும் இலேசான ஒன்றைப் போடுங்கள்” என்பேன். நானும் அப்படித்தான் செய்தேன்: எஞ்சின் மூடியின் அகலத்துக்கு மட்டும் வரும் சிறிய கம்பி. கன்னடியன் கரைக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறதே.

கழற்றிய கம்பியை என்ன செய்வது?

நேராக இருந்தால் அதன் போல்ட், ஸ்பேசர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி வையுங்கள்; போல்ட் இல்லாத கம்பியை யாரும் வாங்க மாட்டார்கள். வளைந்ததை நிமிர்த்தி அடுத்தவர் தலையில் கட்ட வேண்டாம், இரும்புக்கடையில் போடுங்கள். என்னுடையதைத் தராசிலிருந்து திரும்ப எடுத்து வந்துவிட்டேன். கொல்லையில் இரண்டு செங்கல் நடுவில் நட்டு நிறுத்தியிருக்கிறது, புடலை ஏறியிருக்கிறது. ஒருவர் வந்து விலை கேட்டார். காய்த்து முடியும்வரை தருவதற்கில்லை என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார்.